சுழியம் பார்த்தல்

பல் துலக்கும் பிரஷ்ஷைவிடச் சற்றே தடித்த கேமரா
டாக்டர் சியூவின் கையில்.
"நங்கா லுவாஸ், அக்கா" என்றார். அகலமாகத் திறந்தேன்.
வெளியே ஜாலான் பெசாரில்
குலை ஏற்றிய லோரி ஒன்று வேகத்தடையில் குலுங்கியது.
சத்தத்திலேயே சொல்வேன்,
ஒன்பது டன்னுக்குக் குறையாது.

மேல்தாடையில் பல் ஒன்றுமில்லை எனக்கு.
சேமநிதியை உடைத்துப் போட்ட
நான்கு டைட்டேனியம் திருகுகள் மட்டும்
ஐந்து மாதமாய் எலும்போடு ஒட்டிக்கொண்டு இருக்கின்றன.
அவற்றின் தலையில்
வெள்ளைக் குச்சிகளைப் பொருத்தினார்.
"கேமராவுக்கு இவைதான் மைல்கல்."

திரையில் என் ஈறு வளர்ந்தது,
படத்தோடு படமாய்
ஓரத்தோடு ஓரம் தைத்துக்கொண்டு.
முதல் குச்சி. இரண்டாவது.
நடுவில் வழுவழுவென்று வெறும் ஈறு வந்ததும்
'பீப்' என்று நின்றுவிட்டது.
தான் எங்கே இருக்கிறோம் என்று அதற்குத் தெரியவில்லை.

மறுநடவுக்குச் செம்பனை முழுதும் சாய்த்திருந்த
பதினேழாம் நம்பர் காட்டில்
புதிதாய் வந்த டிராக்டர்க்காரன் இப்படித்தான்
ஆபீஸ் எந்தப் பக்கமென்று தெரியாமல்
அரைமணி நேரம் ஹாரன் அடித்தான்.

எச்சிலை உறிஞ்சி, காற்றடித்து,
மறுபடி ஒருமுறை. பிறகு இன்னொன்று.
இரண்டு படங்களையும்
ஒன்றன்மேல் ஒன்று போட்டார்.
பச்சை. எங்கும் பச்சை.
"பத்து மைக்ரோன்தான் வித்தியாசம்!
உங்கள் முடியை ஏழாய்ப் பிளந்தால் அதில் ஒன்று."
அவர் சிரித்தார். நர்ஸ் மர்லினாவும் சிரித்தாள்.

நான்
இருபத்தாறு வருடம் ஆலையின் நிறுவைப் பாலத்தில் கிராணி.
தினமும் காலையில் முதல் வேலை
சுழியம் பார்ப்பது.
வெறும் பாலம்: சுழியம். சரி.
வெறும் லோரி: சரி.
குலை ஏறினால் மட்டும்
நாற்பது கிலோ குறைத்துக் காட்டியது,
ஒரு வருடம் முழுக்க.
வெயிலில் நாற்பது. மழையில் நாற்பது.
மூன்றுதரம் ஏற்றி இறக்கினாலும் அதே எண்.
பாலத்தின் அடியில் சேறும் கல்லும் இறுகியிருந்தது
எனக்கு எப்படித் தெரியும்?

சன்னாசிக்கு ஐந்து ஏக்கர், சொந்தக் குலை.
சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு
"குறையுதும்மா" என்றார்.
"மூணுவாட்டி பாத்தாச்சு, ஒரே கணக்குதான்" என்றேன்,
சலிப்போடு.
அரசாங்க ஆள் இரும்புக்கட்டிகளோடு
வந்த பிறகுதான் தெரிந்தது.
அதற்குள் சன்னாசி நிலத்தை விற்றிருந்தார்.

வாய் நிறைய உறிஞ்சுகுழாய்.
மர்லினாவிடம் பேனா கேட்டு
என் அட்டையின் பின்னால் எழுதினேன்:
துவா-துவா சாமா. தாப்பி பெத்துல் கெ?
ரெண்டும் ஒன்றுதான், ஆனால் சரியா?

டாக்டர் படித்தார்.
சிரிப்பை மடித்து வைத்துவிட்டு
அடி டிராயரைத் திறந்தார்.
தட்டு, ஊதா நிறப் பசை,
நான்கு குச்சிகளையும் அசையாமல் கட்டிப்போட
ஏதோ பிசின்.
"இது பழைய முறை. இதையும் எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்போம்.
ஐந்து நிமிடம் பேசக்கூடாது."

பேசவில்லை.
பசை இறுகியது, மூக்கு வரைக்கும் அதன் வாடை.
சன்னாசியிடம் சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தை
அந்த ஐந்து நிமிடமும்
அண்ணத்தில் அழுந்திக் கிடந்தது.

வியாழக்கிழமை போன் வந்தது.
இடது ஓரம், கடைசித் திருகு, சிவப்பு.
"கேமரா தொண்ணூறு மைக்ரோன் தள்ளிப் பார்த்திருக்கிறது.
அப்படியே பல் செய்திருந்தால்
திருகு முறுக்கிக்கொண்டே இருந்திருக்கும். நல்லவேளை, அக்கா."

அது கிலோவில் எவ்வளவு
என்று கேட்க நினைத்து
போனை வைத்துவிட்டேன்.