கல்லு நல்லாயிருக்கட்டும்

"கல்லு நல்லாயிருக்குன்னு எழுதும்மா,
அவ்வளவுதான்" என்கிறார் சென்னப்பா.

பர்கூர் ஷெட்டில் மணி ஏழு.
வெரோனாவில் தொனாத்தோ
மதியச் சாப்பாடு முடித்திருப்பார்.
கல்லின் பெயர் பாரதீசோ.
நம் குன்றில் வெட்டியதற்கு
அவர்கள் பாஷையில் சொர்க்கம்.

பிளாக் பத்தொன்பது. இருபது டன்.
மத்தியானம் மாதையன் அதன்மேல் ஹோஸ் பிடித்தான்.
வெயில் ஈரத்தை நக்கிக்கொண்டே போக
காயாமல் நின்றது ஒரு கோடு,
தலைமுடி அகலம்.
"வெடிப்பா, ரேகையா?"
"அறுத்தாத்தான் தெரியும்" என்றான்
காதில் செருகிய பீடியை எடுத்தபடி.

இத்தாலியனில் 'இருக்கிறது' ஓரெழுத்து: எ.
நமக்கு எது, எங்கே, எப்படி என்று
கேள்விக்கு வாய் திறக்கும் எழுத்து.
அவர்களுக்கு அதுதான் சத்தியம்.
இல் ப்ளொக்கோ எ சானோ.
கல் பழுதற்றது.
அடித்தேன். அழித்தேன்.

'நினைக்கிறேன்' என்று தொடங்கினால்
'எ' இறங்கி 'சீயா' ஏற வேண்டும்.
சந்தேகம், ஆசை, பயம்
எதன் பின்னால் நின்றாலும்
வினைச்சொல் வேறு சட்டை போட்டுக்கொள்ளும்.

பஸ்ஸில் நின்றபடி போனில் படித்த நாட்களில்
இங்கேதான் தடுக்கித் தடுக்கி விழுந்தேன்.
வருவதற்கு வேங்கா.
நான், நீ, அவன் மூன்று பேருக்கும் ஒரே வேங்கா.
கிருஷ்ணகிரி டோல்கேட் நெரிசலில்
ஒரு சாயங்காலம் சட்டென்று பிடிபட்டது:
நான் வரட்டுமா, அவன் வரட்டும்,
லாரி வரட்டும், மழை வரட்டும்,
வர வேண்டிய பணம் வரட்டும்.
இன்னும் நடக்காததைச் சொல்லும்போது
நம் 'அட்டும்' ஆளைப் பார்ப்பதில்லை.
'நீ' மட்டும் அதில் ஏறாது.
உன்னிடம் நேராகவே சொல்லிவிடலாம்,
வா என்று.

க்ரேதோ கே இல் ப்ளொக்கோ சீயா சானோ.
கல் பழுதற்றது என நினைக்கிறேன்.
கர்சர் துடிக்கிறது.
இதுவும் போதாது.
சீயாவுக்குள் அந்தக் கோடு தெரியவில்லை,
என் தயக்கம்தான் தெரிகிறது.

வேங்கா.
மரியாதையாய் ஒருவரை அழைக்கவும்
அவர்களுக்கு அதே சொல்.
வருக என்பதில் நம் ஆசையும் அழைப்பும்
ஒன்றாய் நிற்பதைப் போல.
ஹோஸ் பிடித்த படத்தை இணைத்து,
வேங்கா, வந்து பாருங்கள்,
அறுப்பதற்கு முன்னால், என்று முடித்தேன்.

"நல்லாயிருக்குன்னு போட்டாச்சா?"
தோளுக்கு மேல் எட்டிப் பார்க்கிறார் சென்னப்பா.
இத்தாலியன் அவருக்கு எறும்பு வரிசை.
படத்தில் கோடு தெரிகிறது.
அவர் கண்ணாடியைத் தேடுகிறார்.

என் விரல் அனுப்பும் பொத்தான்மேல்.