அடுத்த ஆள்

படிவத்தின் ஏழாவது கட்டம்
'ப்ரோஷ்' என்று கேட்கிறது.
கிட்டத்து ஆள்.
மயக்க ஊசி தெளிந்த பிறகு
கையெழுத்து வைத்து என்னை வாங்கிப்போக ஒருவர்.

நார்பொன் ஆஸ்பத்திரியில்
பேனாவுக்குக் கயிறு கட்டியிருக்கிறார்கள்.
தம்பி ஸ்காபரோவில்; அங்கே இப்போது விடிய மூன்று மணி.
அக்கா வவுனியாவில். அவளுக்கு இதைச் சொல்லவில்லை.
பேனா கயிறு விட்ட தூரம் வரை போய்
திரும்பி வருகிறது.

நான் நூலகம் துடைக்கிறவள்.
இரவு எட்டுக்கு மேல் பெரிய அகராதி என்னுடையது.
தூசி தட்டுகிற சாக்கில்
நாளுக்கு ஒரு பக்கம்.
அதற்கு மேல் நின்றால் மேற்பார்வையாளர் இருமுவார்.
அப்படித்தான் தெரியும்,
லத்தீனில் ப்ரோபே என்றால் கிட்ட.
அதைவிடக் கிட்ட, ப்ரோபியோர்.
இனி நெருங்க இடமில்லாத கிட்ட, ப்ரோக்சிமுஸ்.
உரோமர்கள் கிட்டத்துக்கும் படிக்கட்டு வைத்திருக்கிறார்கள்.
நகரசபை வாசலில் குழி தோண்டிக் காட்டிவைத்திருக்கும்
அவர்களுடைய வீதிக் கற்களில் இருந்து
கோடையில் பிள்ளைகள் ஐஸ்கிரீம் குடிக்கிறார்கள்.

ப்ரொஷேன் அதன் வழிவந்தது.
அடுத்த ரயிலும் ப்ரொஷேன்.
தேவாலயத்தில் நேசிக்கச் சொல்கிற அயலானும் ப்ரொஷேன்.
எனக்கு இதில் ஆச்சரியமில்லை.
அடுத்த பஸ் என்கிறோம், அடுத்த வீடு என்கிறோம்.
ஒரே சொல்தான்.
ஒன்றுக்குக் காத்து நிற்போம்,
மற்றதற்குக் கதவைச் சாத்துவோம்.

என் அடுத்த கதவு மதாம் ஒதீல் கசால்.
நான்கு வருடமாகப் பேச்சில்லை.
என் குழாய் கசிந்து அவர் சுவர் ஊறியது.
கடிதம் எழுதி என் கதவில் ஒட்டினார்.
நீலப் பேனா, இரண்டு பக்கம்,
முடிவில் மீன் பொரிக்கிற மணம் பற்றியும்,
அதற்குக் கீழே அவருடைய தொலைபேசி எண்.
நான் பதில் எழுதவில்லை. மீனை நிறுத்தவுமில்லை.
ஆனால் சுவர் மெல்லிய சுவர்.
இரவில் எத்தனை தரம் எழும்புகிறார் என்று தெரியும்.
வானொலிச் செய்தியோடு சண்டை பிடிப்பது தெரியும்.
கை உளைந்து நான் முனகுகிற இரவுகளில்
அந்த வானொலி தணியும்.
தற்செயலாக இருக்கலாம்.

போன மாதம் ரகரத்துக்கு வந்தேன்.
ரெப்ரோஷ்: குறை சொல்லுதல்.
அடியில், பொடி எழுத்தில்,
'திரும்பக் கிட்டக் கொண்டுவருதல்' என்பதிலிருந்து.
அதே ப்ரோபேதான், முன்னால் ஒரு 'மறுபடி'.
துணியைப் பிடித்தபடி நின்றேன்.
மேற்பார்வையாளர் இருமினார்.
இன்னொரு தரம் இருமினார்.

தமிழில் அருகு என்றால் பக்கம்.
அருகுதல் என்றால் குறைந்துபோதல்.
இதை வைத்தவரும் எங்கேயோ
ஒரு ஆஸ்பத்திரிப் படிவம் நிரப்பியிருக்க வேண்டும்.

இவர் என்றால் என் பக்கத்தில் நிற்பவர்.
அவர் என்றால் தூரம்.
நடுவில் ஒன்று எங்கள் பேச்சில் இன்னும் புழங்குகிறது:
உவர்.
சுவருக்கு அந்தப் பக்கம் இருமுகிறவர்.
உவருக்கு இந்தப் படிவத்தில் கட்டமில்லை.

எண்ணைப் பார்க்காமலே எழுதினேன்.
உறவுமுறை என்ற இடத்தில்
'சுவர்' என்று எழுதி, வெட்டி,
'அடுத்த கதவு' என்று எழுதினேன்.
தாதி வாசித்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

மயக்கம் தெளிந்தபோது
மழைக்கோட்டுடன் ஒருவர்,
என் செருப்புகள் அவர் மடியில்.
"அந்தச் சுவர் இன்னும் காயவில்லை," என்றார்.
நான்கு வருடத்தில் முதல் பேச்சு.

வெளியே த்ராமொந்தான் காற்று.
கார்க் கதவைத் தோளால் தள்ளிப் பிடித்துக்கொண்டு
சுவரைப் பற்றி இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார்.