தேவையற்றதை அடிக்கவும்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்றில்
பெல்ஜியக்காரனின் மேசை எங்கள் மலைக்கு ஏறி வந்தது.
நான்கு பேர் சுமந்தார்கள்,
மேசையையும் மூக்கை அளக்கும் இடுக்கியையும்.

செமுஹுங்குவுக்குப் பதினோரு மாடு.
தம்பி கசிம்பாவுக்கும் பத்து இருந்திருக்கும்,
பிஹோகோ என்ற செவலைப்பசு
முந்தின செவ்வாய்
சேற்றில் கால் ஒடிந்து சாகாதிருந்தால்.

அட்டையில் முன்பே அச்சாகியிருந்தன
ஹூட்டு, டுட்சி, த்வா.
பக்கத்தில் பொடி எழுத்தில்:
தேவையற்றதை அடிக்கவும்.

குமாஸ்தா அடித்தான்.
ஒரு முலைப்பால் குடித்தவர்கள்
ஆளுக்கொரு சொல்லோடு வீடு திரும்பினார்கள்.
வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தார்களாம்.
இருவருக்கும் படிக்கத் தெரியாது.

அறுபத்தோரு வருடம் கழித்து, ஏப்ரல் மழையில்,
சாலைத் தடுப்பில் அட்டையைக் கேட்டவர்களுக்குப்
படிக்கத் தெரிந்திருந்தது.

அவர்களில் ஒருவன் பிஸூரு,
கசிம்பாவின் பேரன்.
நான் செமுஹுங்குவின் பேத்தி.
முறைக்கு அண்ணன்.

பிறகு புல்தரையில் கூடிய ஊர் நீதிமன்றத்தில்
வாழைத்தோப்பின் எந்த மூலை என்று
விரல் நீட்டிக் காட்டியதும் அவன்தான்.
தோண்டினோம்.
தங்கையின் தோடு கிடைத்தது,
ஒரு காதுக்கு மட்டும்.

இன்று பதிவு அலுவலகத்தில்
என் ஜன்னலுக்கு முன் நிற்கிறான்.
பத்தொன்பது வருடம் சிறை.
யாரோ கொடுத்த கோட்டு, தோளில் தொளதொளவென்று.
புது அட்டை வேண்டும்.

புது அட்டையில் அந்த வரி இல்லை.
கேட்பதே குற்றம்.
பெயர். தகப்பன் பெயர்.
எந்த மலை? என்கிறேன்,
தெரியாதவளைப் போல.
சொல்கிறான்,
தெரியாதவளிடம் சொல்வதைப் போல.

படிவத்தின் அடியில் ஒரு வரி.
யாரும் கவனித்து எடுக்கவில்லை, நானும்தான்,
இத்தனை வருடம் இதே நாற்காலியில்.
மணமானவர் / மணமாகாதவர் / துணையை இழந்தவர்.
தேவையற்றதை அடிக்கவும்.

அவன் மனைவி கோமா முகாமில் காலராவில் போனாள்.
என் கணவன் எப்படிப் போனான் என்பது
அவனுக்குத் தெரியும்.

பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு
நிமிர்ந்து பார்க்காமல் கேட்கிறான்:
"எதை அடிக்கட்டும், தங்கச்சி?"

வரிசையில் யாரோ இருமினார்கள்.
படிவத்தை இழுத்து நானே அடித்தேன்.
இரண்டு கோடு. நேராக வந்தன.

கட்டணத்தில் இருநூறு பிராங்க் குறைந்தது.
நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்றான்.

நாளை ஞாயிறு என்றேன்.