சிவப்பு நாடா

சிவப்பு நாடா என்றால் வேரோடு.
வெள்ளை என்றால் தொடாதே.
வனத்துறைப் பெரீன் இதைச் சொல்லி முடித்தபோது
ஒன்பது பேர் நின்றிருந்தோம்,
நான்கு கத்தி, ஒரு ரம்பம்,
கொசுவுக்கு ஏகப்பட்ட கால்கள்.

ஷமூனிக்கு மேலே இந்த ஏழு ஹெக்டேர்
யாரும் கேட்காததால் எங்களுடையது.
கரும்புக்குச் சரிவு அதிகம்.
மான் வேட்டைக்காரருக்குப் பரப்பு போதாது.
வீடு கட்டலாமென்றால் லாரி ஏறாது.
கிராம சபைக்கு ஒரு வரைபடமும்
ஒரு பித்தளைச் சாவியும் வந்தன.
காட்டுக்குக் கதவு கிடையாது.
சாவி என் இழுப்பறையில் கிடக்கிறது,
நான் செயலாளர் என்பதால்.

குறிப்பேட்டின் முதல் பக்கம், என் கையெழுத்து:
கருங்காலி, நாற்பத்தொன்று.
சீனக் கொய்யா, எண்ணவில்லை.

வருஷப் பிறப்பு வடையின் எண்ணெய் காயுமுன்
ஊர் வாளியைத் தூக்கிக்கொண்டு மலையேறிவிடும்.
கோலிக்குண்டைவிடச் சற்றே பெரிய பழம்.
உப்போடு மிளகாயை நசுக்கிப் புரட்டினால்
கண்ணில் நீர் வரும், கை நிற்காது.
சிந்தாமணி வாலைதோன் தார்ச்சாலை ஓரம்
பொட்டலம் ஐம்பது ரூபாய்க்கு விற்பாள்.
மகளின் சீருடை, காலணி,
இரட்டைச் சடைக்கு நாடா,
எல்லாம் அந்த வாளியிலிருந்து வருபவை.

கூட்டத்தன்று அவள் பேசவில்லை.
ஒரு கிண்ணம் பழத்தை மேசை நடுவில் வைத்தாள்.
தின்றுகொண்டே
கொய்யாவை ஒழிப்பது பற்றி விவாதித்தோம்.
பெரீன்தான் அதிகம் தின்றாள்.

"நாமும் கப்பலில் வந்தவர்கள்தானே,
நம்மையும் பிடுங்குவீர்களா?"
ரூபேன் சினாப்பேன் கேட்டார். கைதட்டல்.
எந்தக் கூட்டமானாலும் யாராவது இதைக் கேட்கிறார்கள்.
நான் குறிப்பில் ஏற்றுவதில்லை.
நம்மை எண் போட்டு இறக்கினார்கள்.
கொய்யாவை எவரும் எண்ணவே இல்லை.

பாதை ஓரம் ஒரு ஹெக்டேர் வாளிகளுக்கு.
மற்றது வேரோடு.
ஐந்துக்கு நான்கு.

மறுநாள் பெரீன் குனிந்து
ஒரு கொய்யாக் கிளையை விலக்கினாள்.
அடியில் கருங்காலிக் கன்று,
முழங்கால் உயரம், ஏழு இலை.
"வயது?" என்றேன்.
"உங்கள் மகனைவிட மூத்தது."
மகனுக்கு இந்த வருடம் கல்லூரி.
வெளிச்சத்துக்காக வரிசையில் நிற்கிறதாம்.
அதற்கும் ஒரு வெள்ளை. நாற்பத்திரண்டு.

மூன்றாம் சனிக்கிழமை மேட்டுப் பக்கம் போனால்
பதினோரு கொய்யாவில் சிவப்பைக் காணோம்.
வெள்ளை கட்டியிருந்தது.
சபை வாங்கியது பிளாஸ்டிக்.
இது சாட்டின் துணி,
பட்டாம்பூச்சி முடிச்சு,
ஒன்றில் நீளமாக ஒரு மயிர்கூட.
பாதை ஓரத்துப் பழம் புளிக்கும்,
விலை போவது மேட்டுப் பழம்தான்.
தெரியாமலா.

பின்னால் கத்தியோடு வந்தவர்களிடம்
இந்தப் பக்கம் முடிந்தது என்றேன்.

பத்தை விட்டேன்.
பதினொன்றாவது
அந்த ஏழு இலைக்கு மேல் கவிந்திருந்தது.
முடிச்சு ஒரே இழுப்பில் அவிழ்ந்தது.
வேர் இரண்டு மணி நேரம் வாங்கியது.
வெயில் நேராகக் கன்றின் மேல் விழுந்தது.
அது ஒன்றும் செய்யவில்லை.

குறிப்பேட்டில் எழுதினேன்:
வெள்ளை நாடா, ஐம்பத்திரண்டு.
பெரீன் விரல் வைத்துக் கூட்டிக்கொண்டே போனாள்,
நாற்பத்திரண்டில் விரல் நின்றது.
பேனா கேட்டாள். கையெழுத்துப் போட்டாள்.
"இன்று கிண்ணம் இல்லையா?" என்றாள்.

சாட்டின் நாடா
இழுப்பறையில் சாவியோடு கிடக்கிறது.
திருப்பிக் கொடுக்க வேண்டும்.
என்ன சொல்லிக் கொடுப்பது.