தப்பினால் எண்பது வெள்ளி

வானத்திலிருந்து விழுவதை
வானத்திலேயே பிடிக்கப் போகிறார்கள் என்று
மண்டோர் சொன்னபோது
பெரட்டில் ஒருவரும் சிரிக்கவில்லை.
விடியாத ஐந்தரைக்கு
யாருக்கும் சிரிப்பு வருவதில்லை.

"பிடி தப்பினால் தோட்டத்துக்குள்தான் விழும்.
தேடிக் கொண்டுவந்தால்
பீப்பாய்க்கு எண்பது வெள்ளி."
கை தூக்கினோம்:
நான், பூஷணவல்லி, வங்காளத்து ரஃபீக்.

ஊத்தான் மெலிந்தாங்கில் எங்களுக்கு வானம்
செம்பனை மட்டைகளுக்கு நடுவே
கிழிசல் கிழிசலாகத்தான் தெரியும்.
பதினாலு வருஷமாய் நான் பார்ப்பது தரை.
குலை வந்து விழும், நிலம் ஒருமுறை அதிரும்,
உதிர்ந்த பழங்களைப்
புல்லிலிருந்து, முள்ளிலிருந்து,
பாரிட் ஓரத்துச் சேற்றிலிருந்து பொறுக்குவேன்.
விழுந்த பிறகுதான் என் வேலை.
இவர்களுக்கோ
விழுவதற்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும்.

நிஜக் கூடு அடுத்த வருஷம் வருமாம்.
பூமியை ஆயிரம் தடவை சுற்றி,
நெருப்பில் குளித்து, குடை விரித்து இறங்குமாம்.
உள்ளே கண்ணாடிக் குப்பிகளில்
என்னவோ வளர்ந்திருக்குமாம்.
தரை தட்டினால் செத்துப்போகும்,
உப்புத் தண்ணீர் பட்டால் கெட்டுப்போகும்.
இன்றைக்கு மணல் நிரப்பிய பீப்பாய்.
மிஸ் லோ, லாரிக் கதவின் தூசியில்
விரலால் வரைந்து காட்டினாள்:
மேலே குட்டிக் குடை, கீழே பெரிய குடை,
இடையே ஒரு கயிறு.
ஹெலிகாப்டரில் தொங்கும் கொக்கி
அந்தக் கயிற்றைக் கவ்வ வேண்டும்.

"நம்ம அலக்கு மாதிரி" என்றேன்.
"தலைகீழ் அலக்கு" என்றான் ரஃபீக்,
நாங்கள் கற்றுக்கொடுத்த தமிழில்.

முதல் பீப்பாய்.
கொக்கி குடையின் ஓரத்தை உரசிப் போனது.
தொப்.
எங்கள் மூவருக்கும் தெரியும்
அது பதினேழாம் பிளாக்கின் தொப்.
அவர்கள் கணினியைத் திறக்குமுன்
ரஃபீக் மோட்டாரை உதைத்திருந்தான்.

இரண்டாவது மாட்டியது.
மாட்டிய கணமே
பெருமீன் இழுத்த தூண்டிலாய்
ஹெலிகாப்டர் மூக்கு குனிந்தது.
பீப்பாய் ஆடியது, ஆடியது,
கேப்டன் ஃபௌசி விட்டுவிட்டார்.
"கைக்கு வந்ததை எவனாவது விடுவானா?"
பூஷணவல்லிக்குக் கோபம்.
பாரம் ஆடிய விதம் அவருக்குப் பிடிக்கவில்லை,
விடுவதற்கென்றே ஒரு பொத்தான் இருக்கிறது என்றாள் மிஸ் லோ.
அப்படி ஒரு பொத்தானைப் பற்றி
இடுப்பளவு பாரிட் தண்ணீரில் நின்று
கொஞ்ச நேரம் யோசித்தேன்.
ஈர நைலான்
பிணம்போல் கனத்தது.

மூன்றாவதற்கு வேண்டிக்கொண்டேன்.
மறைக்க என்ன இருக்கிறது,
தப்பட்டும் என்றுதான்.
மகளின் பள்ளி பஸ்ஸுக்கு இரண்டு மாதப் பாக்கி.

ஆரஞ்சுக் குடை ஆலைப் புகைக்கு மேலே
அவசரமில்லாமல் இறங்கியது.
ஹெலிகாப்டர் அதன்மேல் சரிந்து வந்தது,
கடந்தது,
குடை சட்டென்று கூம்பிப் போனது.
காது காத்திருந்தது.
உள்ளங்காலும் காத்திருந்தது.
அந்தத் தொப் வரவே இல்லை.

விழவேண்டிய ஒன்று விழாமல்
கிடைமட்டமாகப் போவதை
என் வாழ்க்கையில் அன்றுதான் பார்த்தேன்.
கோயில் கூரையைத் தாண்டி, பள்ளித் திடலைத் தாண்டி,
தொட்டில் குழந்தைபோல் லேசாக ஆடிக்கொண்டு.
நான் கைதட்டினேன்.
சேற்றுக் கையுறையோடு, சத்தமே வராமல்.
பூஷணவல்லி முறைத்தாள்:
"எண்பது வெள்ளிக்கா கைதட்டுறே?"

நூற்றறுபதை மூன்றாய்ப் பிரித்தோம்.
ஆளுக்கு ஐம்பத்து மூன்று வெள்ளி முப்பத்து மூன்று காசு.
மீதி ஒரு காசு யாருக்கு என்று
ரஃபீக் வீடுவரை கேட்டுக்கொண்டே வந்தான்.

அதற்கு முன்னால் ஒன்று நடந்தது.
திரும்பிய ஹெலிகாப்டர்
எங்கள் தலைக்கு மேல் தாழப் பறந்தது.
அந்தக் காற்றில்
அளவு மீறிப் பழுத்திருந்த குலைகளெல்லாம்
சடசடவென்று உதிர்ந்தன,
முதுகில், தொப்பியில், தண்ணீரில்.

கோணி எங்கே என்று
தேடத் தொடங்கினேன்.