ஐம்பத்தேழு

வேப்பேரியில், மாடியில், என் பட்டறை.
கீழே பஞ்சர் கடை.
அவர்கள் ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக்
குமிழி தேடும் நேரத்தில்
நான் இட்லிக் கொப்பரை ஆவியில்
நார்த்துணியைக் காட்டிக்கொண்டிருப்பேன்.
இளகும். ஒரு கணம்தான்.
மரத்தலைமேல் இழுத்துக் கவிழ்த்து
குண்டூசி குத்திக்
கயிறு கட்டிவிட வேண்டும்.
தாமதித்தால் தன் இஷ்டத்துக்கு விறைத்துக்கொள்ளும்.
கடற்காற்று ஏறும் நாளில்
இரண்டு மடங்கு பசை கேட்கும்.
ஐப்பசியில் தொப்பி செய்ய ஒப்புக்கொள்பவர்
இந்த ஊரை அறியாதவர்.

ஒப்புக்கொண்டேன்.

கிண்டிப் பந்தயத்துக்கு,
ராயபுரம் மெஹர்னாஸ் அம்மாவுக்கு.
சுற்றளவு ஐம்பத்தேழு சென்டிமீட்டர்,
இடக்காதுக்கு மேலே லேசாக ஒரு மேடு.
அந்த மேடு அவருக்கே தெரியாது,
என் அளவு நாடாவுக்குத் தெரியும்.
பதினெட்டு வருடத்தில்
வட்டமான தலை ஒன்றுகூட
இந்த மாடி ஏறி வந்ததில்லை.

கருநீலம். அகன்ற விளிம்பு.
சௌகார்பேட்டையில் பொறுக்கிய சேவல் இறகு ஏழு,
கத்தரிக்கோல் முதுகால் நீவி நீவிச் சுருட்டியவை.
குழிக்கரண்டியைக் காய்ச்சி அழுத்தினால்
பட்டுத் துண்டு இதழாகும்.
கொஞ்சம் அதிகம் காய்ந்தால் கரியாகும்.
ஒன்பது இதழ், நான்கு கரி.

ஒத்திகை பார்க்க அவர் ஊரில் இல்லை.
மரத்தலை எங்கே உறுத்துகிறது என்று சொல்லாது.

ஜன்னலுக்கு வெளியே
பக்கத்து மனையில் தளம் எழும்புகிறது.
மணல் சட்டியோடு செங்கேணி போகிறாள்.
பார்த்ததும் தெரிந்தது: ஐம்பத்தேழு.

டீ நேரத்தில் கீழே போய்க் கேட்டேன்,
"உன் தலை கொஞ்சம் வேணும்."
"கையக் காலக் கேப்பாங்க. தலையா?"
"தலைக்கு இருநூறு."
"இருக்கிறது ஒண்ணுதானே" என்று வந்துவிட்டாள்.

சும்மாட்டைக் கழற்றி
காலியாக நின்ற மரத்தலைமேல் வைத்தாள்,
அது அதற்கான ஆணி என்பதுபோல.
நெற்றிச் சிமெண்டைத் துடைத்துக்கொண்டாள்.
தொப்பியைப் பொருத்தினேன்.
கண்ணாடி பக்கம் திரும்பவில்லை.
அறையை மூன்று சுற்று நடந்தாள்.
கழுத்து அசையவில்லை.
கை மட்டும் தானாக மேலெழுந்து
விளிம்பைத் தொடாமல்
பக்கத்திலேயே நின்றது.

"பாரமே இல்ல. இதை எதுக்குத் தூக்கணும்?"

எனக்குப் பதில் வரவில்லை.

"ஆனா இடப்பக்கம் இழுக்குது."

"இழுக்காது. இருப்பதே எண்பது கிராம்" என்றேன்,
கைவேலைக்காரியின் தலைக்கனத்தோடு.

"வெயிட்டுன்னா எனக்குத் தெரியும்."

எண்ணினேன்.
இடப்பக்கம் ஐந்து இறகு, வலப்பக்கம் இரண்டு.
ஒன்றைப் பிரித்து மாற்றித் தைத்தேன்.
கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.
"ம்."

அவள் பணத்தை மடித்துச் செருகும்போது
சும்மாட்டைப் பார்த்தேன்.
பழைய ஆரஞ்சுச் சேலைக் கிழிசல்,
மூன்று முறுக்கு,
முனை எங்கே போனது என்று தெரியாத ஒரு சொருகல்.
நூலில்லை, ஊசியில்லை.
என் உள்பட்டையில் பதினோரு தையல் இருந்தது,
அப்படியும் நழுவும்.

அன்றிரவு அந்தப் பதினொன்றையும் அறுத்தேன்.
ரிப்பனை அவள் முறுக்கில் முறுக்கினேன்.
மூன்று முறை அவிழ்ந்தது.
நாலாவதில் நின்றது.

பந்தய நாளில்
கடலில் எங்கோ தாழ்வு நிலை.
மைதானத்தில் எல்லோருக்கும்
ஒரு கை தலையில், ஒரு கை சீட்டில்.
"எனக்கு மட்டும் இரண்டு கையும் காலி"
என்று போனில் சிரித்தார் மெஹர்னாஸ் அம்மா.
"ஒரு தலை உதவியது" என்றேன்.
குளம்புச் சத்தத்தில் அது போய்ச் சேரவில்லை.

மறுநாள் மூன்றாம் தளத்திலிருந்து,
என் ஜன்னலுக்கு நேர் எதிரே ஒரு குரல்:
"அக்கா! தொப்பி ஜெயிச்சுதா?"

"குதிரை தோத்துப்போச்சாம்."

"குதிரைய யாரு கேட்டா? தொப்பி?"

"அசையல."

"பின்ன" என்றாள்,
சட்டியை ஏற்றிக்கொண்டு.