இருப்புப் பதிவேடு, நம்புதாளை

முதல் பக்கத்தில் முந்தைய டீச்சர் எழுதியிருந்தார்:
அலமாரி ஒன்று. பூட்டு ஒன்று. சாவி இல்லை.
நான் வந்த வாரம் அதன் கீழே எழுதினேன்:
பூட்டும் இல்லை.

உடைத்தவர் கர்ணன், நண்டு வலைக்காரர்.
நங்கூரக் கம்பியால் ஒரே நெம்பு.
கூலி வேண்டாம் என்றார்,
யானைப் படம் போட்டதைக் கையில் எடுத்துக்கொண்டு.
மகளுக்காம். மகள் அப்போதுதான் தவழ்கிறாள்.
எழுதிக்கொண்டேன்: வரிசை எண் 1, கர்ணன் வீடு.

ஆடியில் கச்சான் அடித்தால்
இந்தப் பக்கம் கடல் படுத்துக்கிடக்கும்.
தரைதான் எழுந்து வரும்.
ஜன்னலைச் சாத்தினாலும்
பக்கத்துக்குப் பக்கம் புழுதி.
வெள்ளிக்கிழமை கடைசி பீரியடுக்குத்
தட்டுற வகுப்பு என்று பிள்ளைகளே பெயர் வைத்தார்கள்.
பவுசியா ஒவ்வொன்றையும் கவிழ்த்து உதறுவாள்.
"டீச்சர், இந்தக் கதையில ரொம்ப மண்ணு."
தட்டுகிற சாக்கில்
ஒரு பக்கமாவது படிக்காமல்
யாரும் அடுத்ததை எடுப்பதில்லை.
அதை நான் கவனிப்பதில்லை என்பது
எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம்.

ஐப்பசி. வாடை திரும்பியது.
அலமாரிக்கு நேர் மேலேயே ஒழுகல்.
வாளி வைத்தோம், தார்ப்பாய் கட்டினோம்,
பிறகு தோற்றோம்.
இருநூற்றுப் பதினாலு புத்தகம்,
நாற்பத்துமூன்று வீடு.
வீட்டுக்கு ஐந்து, கடைசி வீட்டுக்கு நாலு.
மழை விடும்வரை நனையாமல் வையுங்கள்,
கேட்டது அவ்வளவுதான்.

மீன் ஏற்றும் தெர்மோகோல் பெட்டியில் சில போயின,
அரிசி டிரம்மில் சில,
நிக்காஹ் பட்டுப்புடவைக்கு அடியில் ஐந்து.
எது எங்கே என்று நான் எழுதிய தாள்
நாலாம் நாளே பொய்யாகிவிட்டது.
படகெல்லாம் கரையேறி, கரண்டும் இல்லாத ராத்திரிகளில்
புத்தகங்கள் குடைக்குள் தெரு மாறின.

ஒரு தப்பு செய்திருந்தேன்.
முதுகு கிழிந்து இரண்டான ஒரு கதை.
முன்பாதி சேசுராணி வீட்டுக்குப் போய்விட்டது,
பின்பாதி எதிர்வீட்டுக்கு.
வலையை அறுத்தது யார் என்ற சண்டையில்
மூன்று வருஷமாகக்
கோலப்பொடிகூடக் கேட்டுக்கொள்ளாத வீடுகள்.
முன்பாதியில் ஒரு நரி கிணற்றில் விழுகிறது.
மேலே வந்ததா என்று சொல்லாமல்
பக்கம் முடிந்துவிடுகிறது.

இரண்டு நாள் பொறுத்தாள் சேசுராணி.
மூன்றாம் நாள் நடுத்தெருவில், முழங்கால் தண்ணீரில் நின்று,
"நரி என்னாச்சு?" என்று கத்தினாளாம்.
எதிர்வீட்டுக் கதவு திறக்கவில்லை.
ஜன்னல் மட்டும்.
"மொதல்ல அது ஏன் விழுந்துச்சு, அதைச் சொல்லு."

பெரியவர்கள் பேசிக்கொண்டார்களா, தெரியாது.
தை மாதம் அந்தப் புத்தகம் ஒன்றாக வந்தது,
நீல நைலான் நூலில் நெருக்கித் தைத்து.
இரண்டு வீட்டிலும் கேட்டேன்.
எங்க நூல் இல்லை என்றார்கள்
இரண்டு வீட்டிலும்.

எண்ணினோம். இருநூற்றுப் பதினேழு.
மறுபடி எண்ணினோம்.
பவுசியா தனியாக எண்ணினாள். அதே கணக்கு.
கூட வந்தவை:
அட்டையில்லாத சமையல் குறிப்பு,
சிங்கப்பூர் போனவர் விட்டுப்போன அட்லஸ்,
ஆயில் கறையோடு ஒரு படகு இன்ஜின் கையேடு.

பங்குனியில் தணிக்கைக்கு வந்த அலுவலர்
கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்,
"குறைந்தால் எழுதக் கட்டம் இருக்கும்மா,
கூடினால் எங்கே எழுதுவது?"
பிறகு, "ஒண்ணாம் நம்பரும் இல்லையே?"

அது கர்ணன் வீட்டில் இருக்கு சார்.
பிள்ளை இப்போது நிற்கிறாள்.

குறிப்பு என்ற கட்டத்தில்,
அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுதினேன்:
மூன்று. வாடையில் கரை ஒதுங்கியவை.
சிரிக்கவில்லை அவர். முத்திரை குத்தினார்.

சித்திரையில் தடைக்காலம்.
விசைப்படகுக்குப் போகும் ஆட்கள் எட்டுப் பேர்
ஒன்றாம் வகுப்பு நாற்காலிகளில்
முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்து
இன்ஜின் கையேட்டுக்கு வரிசை பிடிக்கிறார்கள்.
"சத்தமா வாசிங்க மாமா," என்கிறாள் பவுசியா,
"எங்களுக்கும் கேக்கட்டும்."